மாமியார்கல் பார்த்த இடங்கள்

முக்கல்துறையில் மாமியார்கல் முதன்முதலாக இடம் மாறியது தை மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு மூன்றாம் மணி அடித்து ஊர் மொத்தமும் கோயிலுக்குள் போனதற்கும், பாதர் கடைசி ஆசீர் கொடுத்து ஊர் மொத்தமும் வெளியே வந்ததற்கும் நடுவில் உள்ள ஒன்றேகால் மணி நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது, ஒரு வலையும் கரையில் பிரிக்கப்படாது, நாய்கள்கூடக் கோயில் முற்றத்து மணலில்தான் படுத்துக் கிடக்கும். ஆகவே கல் எழுந்ததைப் பார்த்தவர் இல்லை, நடந்ததைப் பார்த்தவர் இல்லை, ஓசை கேட்டவரும் இல்லை. பாட்டுக்குழுவில் நின்ற இரண்டு பெண்கள் மட்டும், காணிக்கைப் பாட்டின் நடுவில் தரை ஒரு தடவை மெல்ல மூச்சு விட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

துறையின் மூன்று கற்களில் பெரியது மாமியார்கல். மூன்று மாடி வீட்டின் உயரம், கடலைப் பார்த்த முகத்தில் மூக்குப்போல் ஒரு துருத்தல், அதன் கீழே இறுக மூடிய வாய்போல் ஒரு கீறல். அதற்கு எதிரே அலை வந்து முட்டுகிற இடத்தில் இடுப்பை ஒடித்துக்கொண்டு நிற்பது மருமகள்கல். மூன்றாவது கல் மகன். அது இரண்டுபேருக்கும் நடுவில் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்து, கடல் நன்றாக வற்றுகிற நாளில் மட்டும் தலையைக் கொஞ்சம் வெளியே காட்டும். அன்று பூசை முடிந்து படியிறங்கியவர்கள் பார்த்தபோது மருமகள் தனியாக நின்றது. மாமியார் நின்ற இடத்தில் ஈர மணலும், ஓடி ஒளிய இடம் தேடுகிற நண்டுகளும், அதுவரை அந்த ஊர் பார்த்திராத அகலமான ஒரு வெளிச்சமும் இருந்தன.

கல்லைக் கண்டுபிடித்தவள் கருவாட்டுக் களத்து ஞானசெல்வம். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பின்சுவருக்கும் பாறை விளிம்புக்கும் நடுவே, பிள்ளைகள் சோற்றுப் பாத்திரம் கழுவுகிற குழாயடியில், கடலைப் பார்த்த முகத்தோடு அது நின்றது.

“எடியே, மாமியா பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாடி!” என்று அவள் கத்தினாள்.

“இந்த வயசுலயா?”

“சின்னதுல விட்டதை இப்ப படிக்கப் போயிருக்கா. மருமவ நிம்மதியா நிக்கா பாரு.”

ஊர் சிரித்தது, வேடிக்கை பார்த்தது, பிறகு மதியக் குழம்புக்கு நேரமாகிவிட்டதென்று கலைந்தது. கலையாமல் நின்றவள் ரெஜிலா ஒருத்திதான். கல் நடந்தது அவளுக்குப் பயமாக இல்லை. கல் படிவத்தில் இருந்தது, அதுதான் பயம்.

ரெஜிலாவுக்கு இருபத்துநான்கு வயது. அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள், புவியியல் படித்தாள். சுற்றுலா அலுவலகம் ஒன்றில் ஒரு வருடத்து ஒப்பந்த வேலை கிடைத்திருந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பொழிமுகம் வரைக்கும் பாறைக் கரையோரமாக ஒரு நடைபாதை, அதில் ஆட்கள் நின்று பார்க்க ஏழு நிறுத்தங்கள். இதை அளந்து படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகாரி வந்து பார்க்கிற ஆய்வு சரியாக முடிந்தால் பாதை திறக்கும், வேலை நிரந்தரமாகும். அவள் அந்தக் கரையை இருபத்திரண்டு முறை நடந்தாள். விளக்கத்தின் அடியிலிருந்து செம்மண் ஓடைக்குள் இறங்கி, மழை அரித்த சிவப்புச் சுவர்களுக்கு நடுவே முழங்கை உரச நடந்து, ஆடுகள் தாவுகிற பிளவை மூச்சைப் பிடித்துக்கொண்டு தாவி, மூன்று கற்களின் துறையைக் கடந்து, அலை உள்ளே போய் ஆள் உயரத்துக்கு மேலே பீச்சியடிக்கிற ஊதுபாறையில் முகம் நனைந்து, பாறைக்கு நடுவில் பச்சைத் தண்ணீர் கட்டி நிற்கிற குளத்தில் கால் நனைத்து, கடைசியில் ஆறும் கடலும் ஒன்றையொன்று தொட யோசிக்கிற பொழிமுகத்து மணலில் போய் விழுவாள். ஒவ்வொரு தடவையும் அளந்தாள், எழுதினாள், எழுதியதை மறுபடி போய்ச் சரிபார்த்தாள். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற வகை அவள்.

நாற்பத்தொரு பக்கப் படிவத்தில், ஒரு வரியைத் தவிர, அவள் அளக்காமல் எழுதியது எதுவும் இல்லை.

அந்த ஒரு வரி இருபத்தேழாம் பக்கத்தில் இருந்தது. ஆறாம் நிறுத்தமான பச்சைக் குளத்துக்கும் ஏழாம் நிறுத்தமான பொழிமுகத்துக்கும் நடுவே கரைப்பாறையில் ஊரின் கருவாட்டுக் களம் இருக்கிறது. நாற்பது பெண்கள் வெறுங்காலோடு நின்று நெத்திலி காயவைக்கிற இடம். அவர்களில் ஒருத்தி ரெஜிலாவின் அம்மா வியாகுலம். ரெஜிலா அந்த இடத்தில் பாதையைக் கரையிலிருந்து பிரித்துத் தென்னந்தோப்புக்குள் திருப்பிவிட்டாள். காரணம் என்ற கட்டத்தில், ‘பாறை வழுக்கும்; பாதுகாப்பு கருதி’ என்று எழுதினாள். பாறை வழுக்காது. கல்லூரிப் பேருந்தில் மூன்று வருடமும் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அந்தக் காலி இருக்கையை யாரிடமும் சொல்ல முடியாததால் அவள் அந்த வரியை எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டாள்.

இப்போது நான்காம் நிறுத்தமான மாமியார்கல் எழுந்து போய்விட்டது. ஆய்வுக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது.

முதலில் ஊர் செய்தது, எதற்கும் செய்கிற காரியம்தான். பங்குப் பேரவைச் செயலாளர் ததேயு கூட்டம் போட்டார். வெள்ளை வேட்டியும் சட்டைப்பையில் மூன்று பேனாவுமாக இருக்கும் ததேயுவுக்கு, எது நடந்தாலும் அது எந்த அன்பியத்தின் பொறுப்பு என்று தெரிந்துவிட்டால் போதும். அந்த ஊர் அன்பியம் என்கிற எட்டுத் தெருக் குழுக்களாகப் பிரிந்திருந்தது. அக்டோபர் மாதத்தில் மாதா சுரூபம் வீடு வீடாகத் தங்கி வரும்போது, எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெரு அன்பியம்தான் விளக்கேற்றி, செபமாலை சொல்லி, வந்தவர்களுக்குச் சாயா கொடுக்கும். வெளியிலிருந்து வந்து நிற்கிற எதையும் வரவேற்க அந்த ஊருக்கு வேறு முறை தெரியாது.

“பள்ளிக்கூடம் நாலாம் அன்பியம். அப்ப கல்லு நாலாம் அன்பியத்துக்க பொறுப்பு” என்றார் ததேயு. “சாமி, மெழுகுதிரி வெக்கலாமா?”

“கூடாது. அது கல்லு” என்றார் பாதர்.

“மாலை?”

“ததேயு, அது கல்லு.”

“நாற்காலி போடலாமா?”

பாதர் கொஞ்சம் யோசித்தார். நாற்காலியைப் பற்றித் திருச்சபை எதுவும் சொல்லியிருப்பதாக அவருக்கு நினைவில்லை. “நாற்காலி யாரு எங்க வேணும்னாலும் போடலாம்” என்றார்.

அப்படித்தான் நாற்காலிகள் வந்தன. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாடகைக்குப் போகிற நீல பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்தைக் கொண்டுபோய் நாலாம் அன்பியத்தார் கல்லுக்குப் பக்கத்தில் போட்டார்கள். கல்லின் முகத்தை எதிரே இருந்து பார்க்க முடியாது. எதிரே பாறை விளிம்பு, அதற்கப்பால் ஒன்றுமில்லை. ஆகவே கல் எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்கார முடிந்தது. உட்கார்ந்தவர்கள் கட்டஞ்சாயா குடித்தார்கள். குடிக்கும்போது, மூன்று கடல்முனைகள் ஒன்றன்பின் ஒன்றாக, முதல் முனை கறுப்பாகவும் இரண்டாவது நீலமாகவும் மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்பதுபோலவும் அந்த இடத்திலிருந்து தெரிவதைக் கண்டார்கள். நாற்பது வருடம் பாத்திரம் கழுவிய ஊர், கழுவியவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக் குனிந்து நின்றே கழுவியிருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் அறிந்துகொண்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது கல் பள்ளிக்கூடத்தில் இல்லை. கல்லறைத் தோட்டத்தின் பின்மூலையில் நின்றது. அதற்கடுத்த ஞாயிறு, பேருந்து திரும்புகிற வளைவில், ஊர்க் குப்பை கொட்டுகிற சரிவில். அதற்கும் அடுத்த ஞாயிறு ஐஸ் கம்பெனியின் பின்புறம், உடைந்த மீன்பெட்டிகளுக்கு நடுவில். ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தெரு அன்பியம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது. முந்தின அன்பியத்தின் சாயாவைவிடத் தன் சாயாவில் சுக்கு கூடப் போட்டது. கல்லறைத் தோட்டத்து மூலையிலிருந்து, பாறைப் பிளவின் வழியாக ஒரு சாண் அகலக் கடல் தெரிந்தது. அந்த ஒரு சாணுக்குள் மாலையில் வள்ளங்கள் ஒவ்வொன்றாக நுழைந்து மறைவதைப் பார்க்க, புருசன் கல்லறைக்கு வருடம் ஒரு முறை வருகிறவர்கள் தினமும் வந்தார்கள். குப்பைச் சரிவிலிருந்து ஊதுபாறையின் நீர் மேலேறுவது பக்கவாட்டில் தெரிந்தது; வெயில் சாயும்போது அதற்குள் ஒரு வானவில் வந்து போனது. இரண்டு நாளில் யாரும் சொல்லாமலே குப்பை வேறு இடத்தில் கொட்டப்பட்டது.

கடலுக்குப் போகிறவர்களும் தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். மாமியார்கல்லையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராக வைத்து வலை விடுகிற பழக்கம் உள்ளவர்கள், கல் எங்கே நின்றாலும் அதே மாதிரி நேர் பார்த்தே வலை விட்டார்கள். மீனும் அங்கேதான் இருந்தது. ஜிபிஎஸ் பெட்டியில் பழைய இடத்தைக் குறித்து வைத்திருந்தவர்கள் ஈர வலையோடு திரும்பி வந்து, பெட்டியை விற்ற கடைக்காரனைத் திட்டினார்கள்.

கல் எப்படித்தான் நடக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு முயற்சி நடந்தது. யாராவது ஒருத்தர் பூசைக்கு வராமல் வெளியே நின்று பார்க்க வேண்டும் என்று ததேயு கேட்டார். கேட்ட கையோடு ஊரே காதைச் சொறிந்தது. பூசையை விட்டுவிட்டு நின்றேன் என்று பிறகு பாவசங்கீர்த்தனத்தில் யார் சொல்வது? சாதாரணமாகக் கோயில் பக்கமே வராமல் வள்ளத்து நிழலில் தூங்குகிறவர்கள்கூட, தங்களைக் காவலுக்குப் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து, அந்த ஞாயிறு சவரம் செய்து சட்டை மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்குக் கோயில் நிறைந்திருந்ததைப்போல் திருவிழாவுக்குக்கூட நிறைந்ததில்லை. வெளியே கல் தன்பாட்டுக்கு நடந்து போயிற்று.

ரெஜிலா ஒவ்வொரு ஞாயிறும் கைபேசியோடு கல்லின் பின்னால் ஓடி, புதிய இடத்தின் அளவுகளை நோட்டில் குறித்துக்கொண்டாள். இரண்டாம் வாரமே அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்: நான்காம் நிறுத்தமான மாமியார்கல் தற்போது குறிப்பிட்ட இடத்தில் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. ‘நிறுத்தம் குறிப்பிட்ட இடத்தில் இருப்பதை ஆய்வுக்கு முன் உறுதிசெய்யவும்’ என்று பதில் வந்தது. அதை அவள் பதினான்கு முறை வாசித்தாள். நகத்தைக் கடித்தாள், கடிக்க நகம் தீர்ந்துபோன பிறகு பேனா மூடியைக் கடித்தாள்.

“எதுக்கு மக்கா சாவுத? கல்லு போனதுக்கு நீ என்ன செய்வ?” என்றாள் வியாகுலம், நெத்திலிக் கடவத்தைத் தலையிலிருந்து இறக்கியபடி.

“கையெழுத்து போட்டிருக்கேன் அம்மா.”

“கல்லா உனக்கிட்ட கையெழுத்து கேட்டு?”

நான்காவது ஞாயிற்றுக்குப் பிறகு, நோட்டில் இருந்த இடங்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்த ரெஜிலா, படிவத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். பள்ளிக்கூடத்துக் குழாயடி, கல்லறை மூலை, குப்பைச் சரிவு, ஐஸ் கம்பெனிப் பின்புறம். நான்கு இடத்துக்கும் அவள் இருபத்திரண்டு நடையில் ஏதோ ஒரு நடையில் போயிருக்கிறாள். நான்கிலும் நின்று பார்த்திருக்கிறாள். வெளியூர் ஆட்கள் மூக்கைச் சுளிப்பார்கள் என்று நான்கையும் படிவத்தில் சேர்க்காமல் விட்டிருக்கிறாள். கல் கிழக்கே, பொழிமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வழியில் அவள் விட்ட இடம் இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஆய்வு ஒரு திங்கட்கிழமை என்று கடிதம் வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு ரெஜிலா பூசையில் முழங்காலில் நின்று, கல் இன்று ஒரு நாள் நகரக்கூடாது, நகர்ந்தாலும் அங்கே போகக்கூடாது என்று மன்றாடினாள். காணிக்கைப் பாட்டின்போது தரை மெல்ல மூச்சு விட்டது. இந்தத் தடவை அவளுக்கும் அது தெரிந்தது.

கல் கருவாட்டுக் களத்தின் நடுவில் நின்றது.

“பாதி களத்தை அடைச்சிட்டா கிழவி” என்றாள் ஞானசெல்வம். “மழைக்காலத்துல வந்திருந்தா ஒதுங்கவாவது ஒதவியிருப்பா.”

அன்று மாலை ததேயு ரெஜிலாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் கையில் வெள்ளைப் பெயின்ட் டப்பா இருந்தது.

“பிள்ளே, ஒண்ணும் பேடிக்க வேண்டாம். துறையில தவளைக்கல்லு ஒண்ணு கெடக்குல்லா? அதுல எழுதியாச்சு, மாமியார்கல்னு. பேரு நாம வெச்சதுதானே? இன்னைக்கு அதுக்கு வெப்போம், அவிய போன பிறவு எடுத்துருவோம்.”

“அது என் இடுப்பு உயரங்கூட இல்லியே மாமா.”

“வாறது வெளியூர்க்காரியதானே? அவியளுக்கு எல்லா கல்லும் கல்லுதான்.”

திங்கட்கிழமை காலையில் வந்த அதிகாரியின் பெயர் காந்திமதி. ஐம்பது வயதிருக்கும்; காட்டன் சேலையைத் தூக்கிச் செருகி, காலில் ஓடுகிற ஷூ மாட்டி, ஒரு குடையை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு, ஆடு தாவுகிற பிளவை ரெஜிலாவைவிடச் சுளுவாகத் தாவினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் படிவத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், ஒரு சரி போட்டார். முதல் மூன்றும் சரியாக இருந்தன. நான்காம் இடத்தில் ததேயு சலவை வேட்டியோடு நின்றிருந்தார். அவர் காலடியில் தவளைக்கல் உட்கார்ந்திருந்தது, பெயின்ட் இன்னும் காயாமல்.

காந்திமதி படிவத்தில் ஒட்டியிருந்த புகைப்படத்தைப் பார்த்தார். தவளைக்கல்லைப் பார்த்தார். “போட்டோவுல ரொம்பப் பெருசா இருந்ததே?”

“வயசாயிட்டுல்லா மேடம்” என்றார் ததேயு. “ஒடுங்கிப் போச்சு.”

சரி போடப் பேனா இறங்கிற்று. அது இறங்குகிற நேரத்துக்குள் ரெஜிலா நிறைய யோசித்தாள். ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. நான்கு முடியும், ஐந்தும் ஆறும் முடியும், பாதை தோப்புக்குள் திரும்பும், தோப்பின் நிழலில் பொழிமுகம் வந்துவிடும்.

“மேடம், இது தவளைக்கல். மாமியார்கல் இங்க இல்ல” என்றாள். “நாலு வாரத்துக்கு முன்னால எழுந்து போயிட்டு. மெயில் போட்டிருந்தேன்.”

“பார்த்தேன். படிச்ச பொண்ணு, ஏதோ கவிதையா எழுதியிருக்குன்னு நெனைச்சேன்.” காந்திமதியின் குரலில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. முப்பது வருடம் அரசாங்கக் கோப்புகளோடு இருந்தவர். இருக்கிற இடத்தில் எதுவும் இருக்காது என்பது அவருக்குப் புதிதில்லை. “இப்ப எங்க இருக்கு?”

ததேயு தலையைச் சொறிந்துகொண்டு கடலைப் பார்த்தார்.

“கருவாட்டுக் களத்துல” என்றாள் ரெஜிலா.

“இந்தப் பாதையில அப்படி ஓர் இடமே இல்லையே?”

“நான் எழுதல மேடம்.”

களத்துக்கு அவர்கள் போனபோது வெயில் ஏறியிருந்தது. பாறை முழுக்க நெத்திலி வெள்ளி விரித்ததுபோல் கிடந்தது; பெண்கள் குனிந்து புரட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாமியார்கல் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் மீன் இல்லை. நிழல் நகர நகர ஞானசெல்வம் கூடையோடு அதன் பின்னால் போய் மீனை வெயிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். நிழலுக்குள் இரண்டு நீல நாற்காலி. ஒன்றின்மேல் எட்டாம் அன்பியத்தின் கட்டஞ்சாயா.

காந்திமதி வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். பிறகு கல்லுக்குப் பக்கத்தில் வந்து, கல் பார்த்த பக்கம் பார்த்தார். மேற்கே கலங்கரை விளக்கம், அதன் கீழே செம்மண் ஓடையின் சிவப்பு, ஆடு தாவுகிற பிளவு, மருமகள்கல், ஊதுபாறையின் வெள்ளைப் புகை, பச்சைக் குளத்தின் ஒரு துண்டு. கிழக்கே ஆறு கடலுக்குள் போகிற மணல்வாய். ஏழு நிறுத்தமும், ஏழுக்கும் நடுவில் இருந்த எல்லாமும், ஒரே பார்வையில் அங்கிருந்து தெரிந்தன. மூக்கிலிருந்து முந்தானை எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியவில்லை.

வெகுநேரம் கழித்துப் படிவத்தைப் புரட்டினார். “இருபத்தேழாம் பக்கம். ‘பாறை வழுக்கும்; பாதுகாப்பு கருதி.’ இந்தப் பாறைதானா?” கேட்டுவிட்டு, நாற்பது ஜோடி வெறுங்காலையும் பார்த்தார்.

இந்தப் பாறை வழுக்கும் என்று சொன்னது யாரென்று எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வியாகுலம் மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. அந்த வரி விளங்கிற்று, அது ஏன் எழுதப்பட்டது என்பதும் விளங்கிற்று. அவள் கடவத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“வழுக்கும் மேடம்” என்றாள். “காலம்பற பனி விழுந்தா எண்ணெய் தேச்சது மாதிரி இருக்கும். பிள்ளை எழுதினது நேருதான்.” சொல்லிக்கொண்டே ஒரு காலைக் கொஞ்சம் சறுக்கியும் காட்டினாள். முப்பத்தொரு வருடத்தில் அந்தப் பாறையில் ஒரு தடவைகூடச் சறுக்காத கால் அது. சறுக்கத் தெரியாமல், குழந்தை ஆடுவதைப்போல் ஆடிக் காட்டியது.

ரெஜிலாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“இல்ல மேடம். வழுக்காது.” அவள் குரல் சின்னதாக இருந்தது, அலை ஒன்று போய் மற்றொன்று வருகிற இடைவெளியில் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது. “மழையிலயும் வழுக்காது. அவங்க பொய் சொல்லுதாங்க, எனக்காக. இது எனக்க அம்மா.”

“அப்ப எதுக்கு எழுதினே?”

“நாறும்னு.”

நாற்பது பேரும் அதைக் கேட்டார்கள். கல்லும் கேட்டிருக்கலாம். முதலில் சிரித்தது ஞானசெல்வம்தான். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“நாறுமா? எடி மக்கா, நீ படிச்ச புஸ்தகம் பூரா இந்த நாத்தந்தாண்டி! பரீட்சைக்கு முந்தின நாளு இந்தா, இந்தச் சரிவுல கெடந்துதானே படிச்ச? அப்ப மூக்கு எங்க போச்சு?”

வேறு யாரோ சிரித்தார்கள். வியாகுலம் சிரிக்கவில்லை. அவள் குனிந்து கடவத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

காந்திமதி நாற்காலியில் உட்கார்ந்து ஆறிப்போன சாயாவைக் குடித்தார். “இது அடிச்சுத் திருத்துற படிவம் இல்ல. அடிச்சா மொத்தமும் செல்லாது” என்றார். “புதுசா எழுதணும். ஒண்ணாம் பக்கத்துலேர்ந்து. இந்த இடம், அப்புறம் கல்லு நின்ன மத்த இடம் எல்லாம் அளக்கணும். உன்னோட ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. ஆய்வு முடியாம நீட்டிக்கச் சொல்லி நான் எழுத முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

“வேலை இல்லாம அளப்பியா?”

ரெஜிலா யோசித்தாள். யோசிக்காமல் அவள் எதற்கும் பதில் சொன்னதில்லை. “அளந்து அனுப்புதேன். எடுத்துக்கிடுதது உங்க இஷ்டம்.”

காந்திமதி தலையை ஆட்டினார். அது சரியா, இல்லையா, வெயிலா என்று தெரியவில்லை. கிளம்பும்போது கல்லை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மேலதிகாரியைப் பார்ப்பதைப்போல, கொஞ்சம் அவசரமாக.

அன்றைக்கு வீட்டில் வியாகுலம் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பொரித்த நெத்திலி வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஊரில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ததேயு மட்டும் ஒரு நாள் மண்ணெண்ணெய்த் துணியோடு போய்த் தவளைக்கல்லைத் துடைத்துவிட்டு வந்தார். வாரம் முழுக்கப் பெண்கள் கல்லின் நிழலைச் சுற்றி வேலை செய்யப் பழகினார்கள். மதியம் அதன் அடியில் ஐந்தாறுபேர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். நிழல் என்பதே இல்லாத களத்தில் முதுகு சாய்த்தவர்கள் அவர்கள்தான் முதல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது கல் களத்தில் இல்லை. பொழிமுகத்தைத் தாண்டிப் போயிருந்தது. அக்கரை ஊரின் முதல் பாறையில், தூரத்தில், மூக்குத் தெரிய நின்றது. அந்த ஊர்க்காரர்கள் அதற்குள் நாற்காலி போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. “சிவப்பு நாற்காலியாம்” என்று ததேயு வருத்தப்பட்டார்.

திங்கட்கிழமை ரெஜிலா நாடாவும் நோட்டுமாகக் களத்துக்குப் போனாள். கல் நின்ற இடத்தில் பாறை, கழுவி விட்டதுபோல் சுத்தமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் நெத்திலி விரித்திருந்த பெண்கள் அந்த இடத்தில் மட்டும் விரிக்கவில்லை; இரண்டு நீல நாற்காலியையும் எடுக்கவில்லை. யாரும் சொல்லிச் செய்ததாகத் தெரியவில்லை. நாடாவின் ஒரு நுனியை ரெஜிலா கல்லிடுக்கில் செருகப் பார்த்தாள், அது நிற்கவில்லை. மறுபடி செருகினாள். மறுபடி விழுந்தது.

வியாகுலம் வந்து நாடா நுனியைக் கையில் எடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு பாறை விளிம்பை நோக்கி நடக்கத் தொடங்கினாள். அலைத் தூறல் விழுந்து நனைந்திருந்த, கறுத்து மினுங்குகிற ஓரத்தில், வெறுங்காலோடு, திரும்பிப் பாராமல், கோயில் நடுவழியில் நடப்பதைப்போல் நடந்து, விளிம்பு வரைக்கும் போய் நின்றாள். நாடா இழுபட்டு நேராயிற்று.

“எத்தர இருக்கு?”

“பதினெட்டு மீட்டர், நாப்பது.”

“எழுதினியா?”

“எழுதினேன் அம்மா. இடத்துக்கு என்ன பேரு எழுத?”

“களம்னு எழுது. வேற என்ன பேரு இருக்கு?”

ரெஜிலா எழுதினாள். அதற்கு அடுத்த கட்டம் ‘பாறையின் தன்மை’. அவள் நிமிர்ந்து, விளிம்பில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிற அம்மாவின் இரண்டு காலையும் நன்றாகப் பார்த்துவிட்டு, நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்: வழுக்காது.